கைகளை மறக்கச் சொன்னவள்

பள்ளிக்கூடத்தில் அவளுக்கென்று பெயர் கிடையாது. பதினாறு வருடங்களாகக் கராத்தே மிஸ். ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் மற்ற எல்லோருக்கும் பெயரும் படிப்பும் இருக்க, இவளுக்கு மட்டும் யாரோ ஒரு கிளார்க் அவசரத்தில் 'கராத்தே மிஸ்' என்றே அடித்து வைத்திருந்தார். அதைத் திருத்தச் சொல்லி அவள் கேட்டதில்லை. உள்ளுக்குள் அது அவளுக்குப் பிடித்திருந்தது. கணக்கு டீச்சர் போனால் இன்னொரு கணக்கு டீச்சர் வருவார். கராத்தே மிஸ் என்றால் அவள் ஒருத்திதான்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த இரண்டாம் நாள் பிரின்சிபால் கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றின் விளம்பரத் தாள் கிடந்தது. அதில் ஒரு சிறுமி, மார்பில் நீலக் கவசத்தோடு, காலைக் காதுக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றாள். அவர்கள் டேக்வாண்டோ ஆரம்பித்துவிட்டார்கள் என்றும், பெற்றோர்கள் வந்து நம் பள்ளியில் ஏன் இல்லை என்று குடைகிறார்கள் என்றும் பிரின்சிபால் சுற்றி வளைக்காமல் சொன்னார். டேக்வாண்டோ ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் இருக்கிறது. கராத்தே ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. பிள்ளைகளுக்கு நாளைக்குக் கல்லூரியில் சேரும்போது உதவுகிற சான்றிதழ் எதுவோ அதைத்தானே பெற்றோர் கேட்பார்கள்? அடுத்த கல்வியாண்டிலிருந்து கராத்தே வகுப்பு இல்லை.

"நீங்களே அதையும் கத்துக்கிட்டு ஒரு பிளாக் பெல்ட் வாங்கிட்டு வந்துட்டா நீங்களே தொடரலாம் மிஸ். ஒரு வருஷம் இருக்கு. உங்களுக்கு இது என்ன பெரிய விஷயம்? எல்லாம் ஒண்ணுதானே, அடி உதைதானே?"

வேலை போகும் என்பதைவிட அந்தக் கடைசி வாக்கியம்தான் அவளைச் சுட்டது. தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். வராந்தாவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் குனிந்து வணக்கம் சொன்னார்கள். பதில் வணக்கம் சொல்லக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

அந்த ஊரில் டேக்வாண்டோ சொல்லிக்கொடுக்கிற ஆள் ஒருத்திதான். அவளோடு இவள் பேசிப் பதினாறு வருடம் ஆகிறது.

ஒரு காலத்தில் அவர்கள் இருவரும் ஒன்றாகவே கராத்தே கற்றவர்கள். ஒரே வாரம் வெள்ளை பெல்ட், ஒரே நாள் கறுப்பு பெல்ட். இவள் குட்டையாக, அகலமாக, தரையில் ஊன்றிய கம்பம் மாதிரி இருப்பாள். அதனால் குட்டை. அவள் நெட்டையாக, எலும்பும் தோலுமாக, கைகாலெல்லாம் நீண்டு கிடப்பாள். அதனால் ஒட்டடைக்குச்சி, கூப்பிட வசதியாக ஒட்டடை. ஜோடி போட்டுப் பயிற்சி செய்யும்போது மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். ஒட்டடையின் கால் எங்கிருந்தோ வரும். குட்டை அதன் அடியில் புகுந்து வயிற்றுக்கு நேராக முஷ்டியை நிறுத்துவாள். தொடாமல் நிறுத்துவதுதான் கராத்தேயில் கெட்டிக்காரத்தனம். நூலளவு இடைவெளியில் முஷ்டி நிற்கும். இருவரும் சிரித்துவிடுவார்கள்.

ஆனால் அவர்கள் கற்ற கராத்தே சங்கத்தில் ஒட்டடைக்கு எப்போதும் திட்டுத்தான் கிடைக்கும். முழங்காலை மடக்கித் தாழ நிற்கச் சொன்னால் அவளுடைய நீளக் கால்கள் கேட்காது. கொக்கு மாதிரி நிக்காதே என்பார் செயலாளர். இருபத்தேழு வயதில் ஒருநாள் ஒட்டடையின் புறங்காலில் ரத்தம் கட்டியிருப்பதைக் குட்டை பார்த்தாள். அவர்கள் சங்கத்துக் கராத்தேயில் உதைக்கும்போது விரல்களை மேலே மடக்கி, பாதத்தின் முன் மேட்டால்தான் உதைப்பார்கள். புறங்காலில் அடிபட வழியே இல்லை. இரண்டு நாள் துருவித் துருவிக் கேட்டதும் ஒட்டடை ஒத்துக்கொண்டாள். சனி ஞாயிறுகளில் பஸ் ஏறி வேறு ஊருக்குப் போய் டேக்வாண்டோ கற்கிறாள். அங்கே அவளுடைய கால்களை யாரும் திட்டுவதில்லையாம். யார்கிட்டயும் சொல்லாதேடி என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் இந்தப் பள்ளிக்கூடத்தில் கராத்தே டீச்சர் வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். இருவரும் விண்ணப்பம் போட்டிருந்தார்கள். பேச்சுத் திறமையும் சிரித்த முகமும் ஒட்டடையிடம்தான் இருந்தன. அவளுக்குத்தான் கிடைக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள், குட்டையும் நினைத்தாள். அந்த வாரமே சங்கத்துக்கு ஒரு கடிதம் போயிற்று. உறுப்பினர் ஒருவர் விதியை மீறி வேறு கலையைப் பயில்கிறார், எந்த ஊர், எந்தக் கிழமை, எத்தனை மாதமாக, எல்லாம் அதில் இருந்தது. எழுதியவர் பெயர் இல்லை. சங்கம் ஒட்டடையின் கறுப்பு பெல்ட்டைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிட்டது. பதிவில் இல்லாதவளைப் பள்ளி எப்படி எடுக்கும்?

சங்கத்துக்குத் துரோகம் செய்தவளைச் சங்கம் விலக்கியது, இதில் என் தப்பு என்ன என்று குட்டை தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிச் சொல்லி அது அவளுக்கு உண்மையாகவே ஆகிவிட்டது. தெருவில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டவள் இவள்தான், ஒட்டடை அல்ல.

டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது டேக்வாண்டோ கூடம். படியேறும்போதே ரப்பர் வாசனை மூக்கில் ஏறியது. மேலே தரை முழுக்கச் சிவப்பும் நீலமுமாக ரப்பர் பாய்கள். ஒரு சுவர் பூராவும் கண்ணாடி. ஒட்டடைக்கு முன்நெற்றியில் நரை விழுந்திருந்தது. இவளைப் பார்த்ததும் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. வந்த காரணத்தைக் கேட்டுக்கொண்டாள்.

"வெள்ளை பெல்ட்லேருந்துதான் ஆரம்பிக்கணும். கடைசி வரிசை. கிளாஸ்ல எல்லாரும் மாஸ்டர்னு கூப்பிடுவாங்க."

"சரி" என்றாள் இவள். பிறகு, "சரி மாஸ்டர்" என்றாள்.

கராத்தே உடுப்பைச் சட்டை போல முன்னால் மடித்துக் கட்டுவார்கள். டேக்வாண்டோ உடுப்பைத் தலைவழியாக மாட்ட வேண்டும். முதல் நாள் உடை மாற்றும் அறையில் தலை உள்ளே சிக்கிக்கொண்டு, கைகள் எங்கே போகின்றன என்று தெரியாமல், நாற்பத்து மூன்று வயதில் அவள் இருட்டுக்குள் தவித்தாள். இவளில் பாதி வயதுகூட இல்லாத ஒரு நர்ஸிங் மாணவிதான் இழுத்துவிட்டாள். இந்தப் பக்கம் கழுத்து ஆன்ட்டி என்றாள்.

அவளுக்கு எல்லாமே தலைகீழாக இருந்தது. இருபது வருடமாக இடுப்பைத் தாழ்த்தி நிற்கப் பழகியவளை, நடந்து போகிறவள் சட்டென்று நின்ற மாதிரி நிமிர்ந்து நில் என்றார்கள். குதிகாலை ஊன்றியவளைக் குதிகாலைத் தூக்கித் துள்ளச் சொன்னார்கள். கராத்தேயில் பலம் தரையிலிருந்து ஏறி, இடுப்பில் திரும்பி, முஷ்டியில் முடியும். இங்கே முழங்கால்தான் முதலில் போகும், இடுப்பு அதன் பின்னால் கதவு மாதிரி திறக்கும், கால் சவுக்குப் போல நீளும். அங்கே அடியைத் தொடாமல் நிறுத்த வேண்டும். இங்கே படவில்லை என்றால் புள்ளியே இல்லை. அடி கவசத்தில் டப்பென்று விழ வேண்டும்.

கண்ணாடியில் தன்னைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள். அவளுடைய இடுப்பு எலும்பு ஒவ்வொரு உதைக்கும் பழைய கட்டில் மாதிரி முனகியது. வீட்டில் கணவன் வெந்நீர்ப் பையோடு காத்திருப்பான். ஏசி மெக்கானிக். கம்ப்ரஸர் போய்விட்டால் மாற்றிவிடலாம், உன் இடுப்புக்கு எந்தக் கம்பெனியிலும் பார்ட்ஸ் கிடைக்காது என்பான். நாத்தனார் வந்திருந்த அன்று, அண்ணி, இந்த வயசுல எல்லாரும் முட்டிக்குத் தைலம் தேய்ப்பாங்க, நீங்க முட்டியைத் தேடிப் போய் உடைச்சுக்கறீங்க என்று சிரித்தாள். இவளும் சிரித்தாள். சிரிப்பதுகூட இடுப்பில் வலித்தது.

கைகள்தான் பெரிய பாடாக இருந்தன. ஒரு சாயங்காலம் அவளை ஒரு வங்கி ஊழியனோடு மோதவிட்டார்கள். அவன் கால் தூக்கிய நேரத்தில் இவள் உடம்பு தானாக உள்ளே புகுந்தது. முஷ்டி அவன் மூக்குக்கு முன்னால், நூலளவில், ஆடாமல் அசையாமல் நின்றது. இருபது வருட உழைப்பு அந்த முஷ்டியில் இருந்தது. அவளுக்கே அது அழகாகப் பட்டது.

ஒட்டடை கையைத் தூக்கி ஒரு புள்ளியைக் கழித்தாள். டேக்வாண்டோவில் முகத்தைக் கையால் தாக்கக் கூடாது. நெஞ்சில் குத்தலாம், அதற்கும் பெரிய மதிப்பு இல்லை.

"கையை மறந்துடு" என்றாள் ஒட்டடை, எல்லோர் முன்னாலும். "உனக்குக் கை இருக்குங்கறதையே மறந்துடு."

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதாள். ஆனால் மறுநாளும் போனாள்.

நான்காவது மாதம் ஒரு காலை, உயரத்தில் பிடித்த, உதை பழகும் மட்டையை அவளுடைய கால் முதல் தடவையாகச் சரியாகத் தொட்டது. கூடம் முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. தன் உடம்பு அவ்வளவு உயரத்துக்குப் போகும் என்று அவள் நினைத்ததே இல்லை. ஒட்டடை ஏன் பஸ் ஏறிப் போனாள் என்பது அந்த ஒரு நொடியில் அவளுக்குப் புரிந்துவிட்டது. திரும்பி ஒட்டடையைப் பார்த்தாள். அவள் அடுத்த ஆளுக்கு மட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வேறு கலையில் கறுப்பு பெல்ட் வைத்திருப்பவர்களை மாஸ்டர் சிபாரிசு செய்தால் இரண்டு பெல்ட் சேர்த்து ஏற்றலாம். ஒட்டடை தானாகவே சிபாரிசு செய்தாள், ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. வெள்ளையிலிருந்து பச்சை, பச்சையிலிருந்து சிவப்பு. குட்டை மெல்ல மெல்ல நம்ப ஆரம்பித்தாள். கடிதம் யார் எழுதியது என்று ஒட்டடைக்குத் தெரியாது, தெரிந்தாலும் மறந்துவிட்டாள், பெருந்தன்மை உள்ளவள் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். வகுப்பு முடிந்து இருவரும் டயர் கடைக்காரர் அனுப்பும் டீயைக் குடிப்பதும் உண்டு. பேச்சு அதிகம் இருக்காது.

அப்படி ஒருநாள் டீ குடிக்கும்போது ஒரு தாய், எட்டு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். எதில் சேர்ப்பது என்று குழப்பம், கராத்தேயா, இதுவா, நீங்க ரெண்டு பேருமே தெரிஞ்சவங்க, நீங்களே சொல்லுங்க என்றாள். குட்டை முதலில் சொன்னாள். சின்ன இடத்தில், மாடிப்படியில், பஸ்ஸுக்குள்ளே ஒருத்தன் நெருங்கி வந்தால் காலைத் தூக்க இடம் இருக்காது, கைதான் காப்பாற்றும், அதனால் கராத்தே. தன் தொழிலைப் பற்றிப் பேசி வெகுநாள் ஆகியிருந்ததால் குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. ஒட்டடை டீயை ஊதிக் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"அவங்க சொல்றது சரிதான். கராத்தே பக்கத்துல வந்தவங்களைச் சமாளிக்கறதுக்கு. இது, யாரையும் பக்கத்துலயே விடாம இருக்கறதுக்கு. உங்க பொண்ணுக்கு எது வேணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

அந்தத் தாய் சிரித்தாள். குட்டையும் கூடவே சிரித்துவைத்தாள். படியிறங்கும்போதுதான் அந்தப் பேச்சு தனக்கும் சேர்த்துத்தான் என்று உறைத்தது. உறைத்தும், அதை ஒதுக்கி வைத்தாள். பரீட்சைக்கு ஆறு வாரம்தான் இருந்தது.

கறுப்பு பெல்ட் பரீட்சைக்கு வெளியூரிலிருந்து தேர்வாளர் ஒருவர் வந்தார். வரிசை அசைவுகள், மோதல், பலகை உடைப்பு என்று மூன்று மணி நேரம் ஓடியது. முஷ்டியால் உடைக்க வேண்டிய பலகை ஒரே அடியில் போயிற்று. சுழன்று உதைத்து உடைக்க வேண்டியது முதல் தடவை போகவில்லை. குதிகால் மரத்தில் பட்ட வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டாம் தடவை உடைந்தது. தேர்வாளர் கைகுலுக்கி, இந்த வயதில் வெள்ளையிலிருந்து வந்தது பெரிய காரியம் என்றார். தேறியதற்கான கடிதத்தை அங்கேயே எழுதிக்கொடுத்தார். கணவன் கீழே வண்டியோடு நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் ஹார்னை விடாமல் அடித்தான். டயர் கடைப் பையன்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை அவள் கடிதத்தோடு பிரின்சிபால் முன்னால் நின்றாள். பிரின்சிபால் கடிதத்தைப் படித்து, மடித்து, மேசையில் வைத்தார். பேப்பர் வெயிட்டை எடுத்து அதன்மேல் வைத்தார். பிறகு எடுத்தார்.

"மாஸ்டர் உங்ககிட்ட சொல்லலையா? அவங்களோட மூணு மாசம் முன்னாடியே கையெழுத்தாயிடுச்சே."

மூன்று மாதம் முன்னால் பள்ளி நிர்வாகம் ஒட்டடையைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறது, இந்த டீச்சர் தேறிவிடுவாரா, சொல்லிக்கொடுப்பாரா என்று. ஒட்டடை பதில் சொன்னாள். அதன் பிறகு நிர்வாகமே அவளை வரச்சொன்னது. இதற்குமேல் பிரின்சிபாலுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. வேண்டுமானால் உதவியாளராக இருக்கலாம், பிள்ளைகளை வரிசையில் நிறுத்த, மட்டை பிடிக்க. யோசித்துச் சொல்லுங்கள் மிஸ் என்றார்.

குட்டை டயர் கடைப் படிகளை எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. கூடத்தில் வேறு யாரும் இல்லை. ஒட்டடை பாய்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இவள் செருப்போடு பாய்மேல் ஏறிவிட்டதைப் பார்த்து, செருப்பு என்றாள். குட்டை பழக்கதோஷத்தில் இறங்கிச் செருப்பைக் கழற்றினாள். கழற்றிய பிறகு தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"என்னைப் பத்தி என்ன சொன்ன அவங்ககிட்ட?"

"உள்ளதைச் சொன்னேன். நல்லா கத்துக்கறாங்க, பாஸ் பண்ணிடுவாங்க. ஆனா சொல்லித்தர இன்னும் அஞ்சு வருஷம் ஆகும். யாராச்சும் நெருங்கினா இவங்க கை இன்னும் மூஞ்சிக்குத்தான் போகுது, புள்ளைங்க அதைப் பார்த்துத்தான் கத்துக்கும்னு சொன்னேன்." துடைப்பானை வாளியில் முக்கிப் பிழிந்தாள். "பொய்யா?"

பொய் இல்லை. குட்டைக்கு அது தெரியும். அதனால் வேறு பக்கம் போனாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல? மூணு மாசமா தினம் டீ குடிச்சோமே."

"நீ என்கிட்ட சொல்லிட்டா எழுதின?"

கீழே யாரோ டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நிற்கும்வரை ஒட்டடை பாயின் ஓரத்தைத் தேய்த்தாள்.

"செயலாளர் என் எதிர்லயே அந்தக் கடிதாசியைப் பிரிச்சுப் படிச்சார்" என்றாள் ஒட்டடை. "உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? எந்த ஊருக்குப் போறேன்னு உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன். அதுல ஒரு வரிகூடப் பொய் இல்ல. பொய்யா இருந்திருந்தா சண்டை போட்டிருப்பேன். மனசு ஆறியிருக்கும்."

இந்த இடத்தில் குட்டை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கத்தான் நினைத்தாள். பதினாறு வருடமாக அடியில் கிடந்த சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வேறு ஒன்று வந்தது.

"நான் எழுதலைன்னா நீ அங்கேயே கொக்குன்னு திட்டு வாங்கிட்டு இருந்திருப்ப. இந்த ஹால், இந்த மாஸ்டர் பட்டம், எல்லாம் அதுக்கப்புறம் வந்ததுதானே?"

ஒட்டடை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அடிப்பாள் என்று குட்டை நினைத்தாள். அடித்தால் தேவலை என்றும் நினைத்தாள். அவளுடைய கைகள் தாமாகவே பாதி மேலே வந்துவிட்டன.

"அதுக்கு நான் நன்றி சொல்லணுமா?" என்று மட்டும் கேட்டாள் ஒட்டடை. பதிலுக்குக் காத்திருக்காமல் வாளியைத் தள்ளிக்கொண்டு அடுத்த பாய்க்குப் போனாள். குட்டை கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

உதவியாளர் வேலை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தாள். ஆறு குழந்தைகள் அவளிடம் கராத்தே கற்க வீட்டுக்கு வந்தார்கள். அடுத்த மாதம் மூன்று பேர் வந்தார்கள். அதற்கடுத்த மாதம் வந்த ஒரே பிள்ளையின் அம்மாவும், பள்ளியிலேயே டேக்வாண்டோ இருக்கும்போது ரெண்டு இடம் எதுக்கு மிஸ் என்று நயமாகச் சொல்லிக் கழன்றுகொண்டாள். கணவன் தனக்குத் தெரிந்த ஒரு துணிக்கடையில், தான் ஏசி சரிசெய்யப் போகும் இடத்தில், சொல்லிவைத்தான். பெண்கள் பகுதிக்கு ஒரு பெண் செக்யூரிட்டி வேண்டுமாம். மேனேஜர் அவளை ஏற இறங்கப் பார்த்து, பிளாக் பெல்ட்டாமே, எதில் என்று கேட்டார். ரெண்டிலும் என்றாள்.

"எதுவா இருந்தாலும் சரிம்மா. இங்க காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் நிக்கணும். அவ்வளவுதான் வேலை."

நின்றாள். சாம்பல் நிறச் சட்டை, தோளில் பட்டை, இடுப்பில் விசில். நிற்பது அவளுக்குத் தெரிந்த வேலைதான். ஆனால் இடுப்பு சாயங்காலம் நான்கு மணிக்கே கேள்வி கேட்க ஆரம்பித்துவிடும். உள்ளே போகிறவர்களின் பையைத் திறந்து பார்த்து, ஒரு சீட்டை ஒட்டி அனுப்ப வேண்டும்.

மூன்றாவது மாதம் ஒரு மத்தியானம் ஒட்டடை வந்தாள். பள்ளி ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வந்திருப்பாள் போலிருக்கிறது, கூட இரண்டு டீச்சர்கள். அவர்களுக்கும் குட்டையைத் தெரியும். பார்த்ததும் கராத்தே மிஸ் என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டு, கைப்பைகளைத் திறந்து காட்டிவிட்டு, அவசரமாக உள்ளே போனார்கள். ஒட்டடை பின்தங்கி நின்றாள். தோள்பையை இறக்கி, ஜிப்பைத் திறந்து நீட்டினாள். உள்ளே ஒரு துண்டு, தண்ணீர் பாட்டில், மட்டை ஒன்று, ஒரு கட்டுத் தாள்.

"இடுப்பு எப்படி இருக்கு?" என்று கேட்டாள் ஒட்டடை.

குட்டை தாள்களை விலக்கி அடிவரை பார்த்தாள். அந்தளவுக்குப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. ஜிப்பை இழுத்து மூடினாள். சீட்டை ஒட்டினாள்.

"நீங்க போகலாம் மேடம்" என்றாள். பின்னால் நின்ற பெண்ணின் பைக்காகக் கையை நீட்டினாள்.